கல்லுக்கு அடியில் இருக்கிறது கணக்கு

பெரியகுளத்திலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, கோடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கும்பக்கரை. விடுமுறை நாளென்றால் காலையிலேயே வேன்கள் வரிசைகட்டிவிடும். வனத்துறையிடம் டிக்கெட் எடுத்து உள்ளே போனால், அகலமான பாறைச் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கும் தண்ணீர். நடுநடுவே ஆளை விழுங்கும் குழிகள். யானை கஜம், பாம்பு கஜம் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. மலையில் மழை கொட்டினால் வெள்ளம் புரண்டு வரும். அன்றைக்குக் குளிக்கத் தடை. நாளிதழ்களில் இந்த ஓடைக்குக் கிடைக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் அந்தத் தடைச் செய்திதான்.

ஓடையின் பெயர் பாம்பாறு. மேலே, கோடைக்கானலின் தெற்குச் சரிவில் பாம்பார் சோலையின் ஈரத்தில் ஊறித் தொடங்குகிறது. வட்டக்கானல் பக்கம் அது விழும் அருவியை உள்ளூரில் ‘லிரில் அருவி’ என்கிறார்கள். சோப்பு விளம்பரத்தால் வந்த பெயர். மேலே சோப்பின் பெயரைச் சுமக்கும் ஓடை, அடிவாரத்துக்கு வந்ததும் சோப்பு நுரையையே சுமக்கிறது. பிறகு வைகைப் படுகையின் வயல்களுக்குள் போய்க் கலந்துவிடுகிறது.

இந்த ஓடை நன்றாக இருக்கிறதா? குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறவரைக் கேட்டால் “பளிங்கு மாதிரி இருக்கு சார்” என்பார். அதிகாரியைக் கேட்டால் பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பச் சொல்வார். இரண்டுமே அரைப் பதில்கள். முழுப் பதிலுக்கு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்ட வேண்டும்.

பாட்டிலில் பிடிபடாதது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டை வைத்து ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளிக்க ஏற்ற தண்ணீர் ‘பி’ வகை. அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லியில் கோலிஃபார்ம் பாக்டீரியா 500-க்கு மேல் இருக்கக் கூடாது. பி.ஓ.டி. என்பது, தண்ணீரை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் இருட்டில் மூடி வைத்து, அதற்குள் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்தன என்று பார்க்கும் சோதனை. அழுகும் கழிவு எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு எண்ணும் ஏறும்.

சோதனையில் குற்றம் இல்லை. ஓடும் தண்ணீரைப் பிடித்து நிறுத்திப் பார்க்கிறோம் என்பதுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குளித்துவிட்டுப் போன ஷாம்பு, திங்கட்கிழமை காலை பாட்டிலுக்குள் வராது. அது அதற்குள் பல கிலோமீட்டர் கீழே போயிருக்கும். நேரமும் ஏமாற்றும். பாசி படர்ந்த ஓடையில் உச்சி வெயிலில் ஆக்ஸிஜன் பொங்கி வழியும். விடியலுக்கு முன்னால் அதே இடத்தில் மீன் வாயைப் பிளக்கும். மாதிரி எடுக்க ஜீப் வருவதோ பதினோரு மணிக்கு.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். கரையோர மரங்களை வெட்டி ஓடையை வெயிலில் போட்டாலே போதும், ஒரு சொட்டுக் கழிவு கலக்காமல் அதன் மூச்சைக் குறைத்துவிடலாம்.

இதே பி.ஓ.டி.யை வைத்துத்தான் நாட்டின் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் பட்டியலிடப்படுகின்றன. 2018-ல் 351 பகுதிகள், 2022-ல் 311. தமிழ்நாட்டிலிருந்து 2018 பட்டியலில் காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்டா ஆகிய ஆறும் இடம்பெற்றன. எல்லாம் ஊர்களைக் கடந்து, சாக்கடையை வாங்கிக்கொண்ட ஆறுகள். அந்த ஆறுகளுக்கெல்லாம் தாயான மலை ஓடைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவை சுத்தமாக இருப்பதால் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பாட்டிலோடு போனவர்களே குறைவு.

தட்டையான குடித்தனக்காரன்

தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில், தேங்காய் அளவுக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கிப் புரட்டுங்கள். முதலில் ஈரம் மட்டும் மினுங்கும். கொஞ்சம் பொறுத்தால், கல்லின் நிறத்திலேயே ஏதோ ஒன்று பக்கவாட்டில் நகரும். சுண்டு விரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. உடம்பு முழுக்கத் தட்டை. தலை கவசம் போலக் கல்லோடு படிந்திருக்கும். கண்கள் இரண்டும் தலையின் உச்சியில். பின்னால் மூன்று வால் நூல்கள். வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள்கள். அடித்துக்கொண்டு போகும் தண்ணீர் அதன் முதுகின்மேல் வழுக்கிப் போக, அது கல்லில் படிந்த பாசியை நிதானமாகச் சுரண்டித் தின்கிறது.

இது மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்பருவம். மாதக்கணக்கில் இப்படியே தண்ணீருக்குள் வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் சிறகு முளைத்து வெளியே வரும். சிறகு வந்த பிறகு அதற்குத் தின்ன வாயே சரியாக இல்லை. கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்துப்போகும். ஆக அதன் வாழ்க்கை என்பதே அந்தக் கல்லுக்கு அடியில் கழிந்த மாதங்கள்தான். அந்த மாதங்களில் ஒரே ஒரு இரவு விஷம் வந்து போயிருந்தாலும் அது இங்கே இருக்காது. பாட்டில் தவறவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இந்தப் பூச்சி இங்கேயே இருந்து கடந்திருக்கிறது, அதனால்தான் சாட்சியாகிறது.

தட்டை உடம்புள்ள இந்த மேஃப்ளைக் குடும்பத்துக்கு ஹெப்டஜெனிடே என்று பெயர். அதில் ஓர் இனத்தின் முழுப்பெயர் அஃப்ரோனூரஸ் கும்பக்கரையென்சிஸ். ஆம், நம் கும்பக்கரையேதான். 1989-ல் வெங்கட்ராமனும் சிவராமகிருஷ்ணனும் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். கே.ஜி. சிவராமகிருஷ்ணன் மதுரைக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர்; தென்னிந்திய மேஃப்ளைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவரும் அவர் வழி வந்தவர்களும் தேடித் தந்தது. குற்றாலத்தின் பெயரைத் தாங்கிய பீட்டர்சுலா கோர்ட்டல்லென்சிஸ், 1984-ல் அவர் விவரித்தது. அழகர்மலையின் பெயரில் கோரோடெர்பஸ் அழகரென்சிஸ் 2009-ல் வந்தது. குளிக்கப் போகும் இடமாகவும் கும்பிடப் போகும் இடமாகவும் மட்டுமே நமக்குத் தெரிந்த மூன்று ஊர்கள், உலகப் பூச்சியியல் ஏடுகளில் ஓடைகளாகப் பதிவாகியிருக்கின்றன. ஊர் முகப்புப் பலகையில் இதை எழுதி வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வலை, வெள்ளைத் தட்டு, மூன்று நிமிடம்

முறை சிக்கலானதல்ல. சட்டம் அடித்த வலை ஒன்று, அடி பரந்த வெள்ளைத் தட்டு ஒன்று. வலையின் வாய் நீர்வரத்தைப் பார்த்திருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, அதற்கு மேல்புறம் நின்று இன்னொருவர் காலால் அடிக்கற்களைக் கலக்க வேண்டும். கற்களில் ஒட்டியிருந்ததெல்லாம் விடுபட்டு வலைக்குள் போகும். பிரிட்டனில் இதற்கு மூன்று நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வலையில் விழுந்ததைத் தட்டில் கொட்டினால் மணலும் மக்கிய இலையுமாக வெறும் குப்பைதான் தெரியும். கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். குப்பை நடக்க ஆரம்பிக்கும். மணல் துகள்களைப் பட்டுநூலால் ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் குடியிருக்கும் கேடிஸ் என்ற பூச்சியின் புழு தலையை நீட்டும். செப்புக்காசு போல வட்டமாகக் கல்லில் ஒட்டிக்கிடந்தது ஒரு வண்டின் புழு என்று தெரியவரும். தட்டானின் இளம்பூச்சி மூலையில் பதுங்கியிருந்து, பக்கத்தில் வந்ததைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும்.

இனி மதிப்பெண். எந்த உயிர் எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று வரிசைப்படுத்தும் யோசனை நூறு ஆண்டு கடந்தது. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்ஸன் இருவரும் 1902 முதல் 1909 வரை இதற்கு அடித்தளம் போட்டார்கள். 1970-களின் பிற்பகுதியில் பிரிட்டன் இதை எளிய பள்ளிக்கூடக் கணக்காக மாற்றியது. குடும்பத்துக்கு ஒரு மதிப்பெண், 1 முதல் 10 வரை. சொகுசாக வளர்ந்த ஹெப்டஜெனிடேவுக்கு 10. வலை பின்னி இரை பிடிக்கும் ஹைட்ரோசைக்கிடே என்ற கேடிஸுக்கு 5. பேட்டிடே மேஃப்ளைக்கு 4. அட்டைக்கு 3. ரத்தச் சிவப்பாக நெளியும் கைரோனோமிடே புழுவுக்கு 2. மண்புழு இனத்துக்கு 1. எத்தனை குடும்பங்கள் கிடைத்தனவோ அவற்றின் மதிப்பெண்ணைக் கூட்டிக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி.

உதாரணத்துக்கு, குளிக்கும் துறைக்கு மேலே 10, 10, 5, 4, 2 என்று ஐந்து குடும்பங்கள் கிடைத்தால் கூட்டல் 31, சராசரி 6.2. துறைக்குக் கீழே 4, 3, 2, 1 மட்டும் கிடைத்தால் கூட்டல் 10, சராசரி 2.5. அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கும் இருநூறு மீட்டரில் என்ன நடக்கிறது என்று கேட்க இனி லேப் ரிப்போர்ட் தேவையில்லை. சிவப்புப் புழு இருப்பதாலேயே ஓடை கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்ஸிஜன் வற்றிய சேற்றிலும் பிழைக்கும், அவ்வளவுதான். அது மட்டுமே மிஞ்சியிருந்தால்தான் கவலை.

பூச்சியின் குடும்பப் பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1968-ல் அமெரிக்காவில் ஜான் கேர்ன்ஸும் சகாக்களும், உயிரியல் படிக்காதவர்களுக்கென்றே உருவாக்கியது. தட்டில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது முந்தியதைப் போன்றதா, வேறா? வேறு என்று சொல்லும்போதெல்லாம் புதிய கூட்டம் தொடங்குகிறது. கூட்டங்களின் எண்ணிக்கையை மொத்த உயிர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஐம்பது உயிர்களில் நாற்பது கூட்டம் என்றால் 0.8. ஐம்பதும் ஒரே சிவப்புப் புழு என்றால் 0.02. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். நம் மத்திய வாரியமும் இவ்விரண்டையும் சேர்த்து, சுத்தத்துக்கு நீலம், படுமோசத்துக்குச் சிவப்பு என்று ஐந்து நிறங்களில் உயிரியல் தர அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. வைத்திருக்கிறது என்பதோடு சரி; மாசுபட்ட ஆறுகளைப் பட்டியலிடும் நேரத்தில் கைக்கு வருவது பி.ஓ.டி. ஒன்றுதான்.

கால் நனையும் முன்பே

அனுபவசாலிகள் தண்ணீரில் இறங்கும் முன்பே ஓடையைப் பாதி படித்துவிடுவார்கள். கரையில் நீர்மருதும் நாவலும் புங்கையும் நிழல் கட்டி நிற்கின்றனவா? நிழலான சிற்றோடையில் சாப்பாடு என்பதே உதிர்ந்த இலைதான். அனிசோசென்ட்ரோபஸ் என்ற கேடிஸ் புழு, உதிர்ந்த இலையிலிருந்து நீள்வட்டமாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஒட்டி, நடுவில் தான் குடியிருக்கும். இலைக் குவியலை அள்ளினால் ஓர் இலைத்துண்டு மட்டும் தானாக நடப்பது தெரியும். கரை மரத்தை வெட்டிவிட்டால் இதன் வீடும் போயிற்று, சோறும் போயிற்று.

அடுத்து, கற்கள் மணலில் புதைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். மேலே எங்காவது சாலைக்காக மலையை வெட்டியிருந்தால், ரிசார்ட்டுக்கு மண் சரித்திருந்தால், அந்த மண் இங்கே கற்களின் இடுக்கை அடைத்திருக்கும். இடுக்குதான் பூச்சிகளின் வீடு. தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும். பாட்டில் பரிசோதனையும் தேறிவிடும். குடியிருக்க இடமில்லாமல் போனது மட்டும் அப்படியே இருக்கும்.

தேங்கிய ஓரத்தில் தண்ணீரின்மேல் நடக்கும் நீள்கால் பூச்சிகளைக் கவனியுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசைதான் அவற்றுக்குத் தரை. சோப்பு அந்த இழுவிசையை உடைத்துவிடும்; பூச்சி மூழ்கும். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. அந்தத் தடை வேலை செய்கிறதா என்று பார்க்க, காவலரை நிறுத்துவதைவிட இந்தப் பூச்சிகளை எண்ணுவது மலிவு.

வேறிடத்து அளவுகோல்

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிட்டனின் மதிப்பெண் பட்டியலை அப்படியே தூக்கிவந்து பழனி மலைத்தொடரில் வைத்தால் தப்பான தீர்ப்பு வரும். குளிர்நாட்டு ஓடைகளில் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி வகைவகையாக இருக்கும். அது இல்லையென்றால் அங்கே சந்தேகப்படலாம். தீபகற்ப இந்தியாவில் அதன் வகைகளே குறைவு. நியோபெர்லா என்ற பேரினம்தான் பெரும்பாலும் கண்ணில் படும். ஸ்டோன்ஃப்ளை குறைவாக இருக்கிறது என்று நம் ஓடையை ஃபெயிலாக்குவது நியாயமில்லை. தென்னாப்பிரிக்கா தன் ஓடைகளுக்கென்றே மதிப்பெண் வகுத்து, அதைப் பதின்மூன்று கூட்டங்களாகச் சுருக்கி ‘மினி சாஸ்’ என்று பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்று அப்படி ஒன்று ஒவ்வொரு மலையோரப் பள்ளியிலும் இருந்திருக்க வேண்டும். அதற்கான பூச்சியறிவு மதுரையில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் கற்களையே உருட்டிக்கொண்டு போகும். அடுத்த வாரம் வலை போட்டால் ஒன்றும் கிடைக்காது, அது மாசினால் அல்ல. கோடையில் ஓடை அறுந்து குட்டைகளாக நிற்கும்போது தட்டானும் நீர்வண்டுமே ஆட்சி செய்யும், அதுவும் இயற்கை. மழை ஓய்ந்து தண்ணீர் நிதானத்துக்கு வந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்ல நேரம். ஒரே ஓடையின் மேல்பகுதியோடு கீழ்ப்பகுதியை ஒப்பிடுவதும், போன ஆண்டின் அதே மாதத்தோடு இந்த ஆண்டை ஒப்பிடுவதும்தான் நம்பகமான வழி. வேறு நாட்டு எண்ணோடு போட்டி வேண்டாம்.

பூச்சிகளால் சொல்ல முடியாதவையும் உண்டு. குடித்தால் வயிற்றுப்போக்கு வருமா என்பதற்கு மேஃப்ளையிடம் பதில் இல்லை. கோலிஃபார்ம் அதை ஒன்றும் செய்யாது. அதற்குப் பாட்டில்தான் வேண்டும். பாட்டிலும் மதிப்பெண்ணும் சேர்ந்தேகூடக் கோட்டைவிடும் சங்கதி ஒன்று பாம்பாற்றின் தலைமாட்டிலேயே நடந்தது.

சோலைக்குப் பின்னால் பாதரசம்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுக் கோடைக்கானலில் நிறுவப்பட்டது. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. லிரிலும் அந்த நிறுவனத்தின் சரக்குதான் என்பது கூடுதல் தகவல். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் என்ற பகுதியின் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் 2016-ல் சமரசத்துக்கு வந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையில், ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாமா என்பதில் நீண்ட தகராறு நடந்தது. காட்டை ஒட்டிய இடத்துக்கு இந்த அளவு மிக அதிகம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஆலைக்குப் பின்னால் சரிவது பாம்பார் சோலை.

பாதரசத்துக்கு பி.ஓ.டி. கிடையாது. தண்ணீரில் அது அதிகம் கரைந்து நிற்பதும் இல்லை, வண்டலோடு படிந்துகொள்ளும். அங்கே பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, பாசி, பாசியைச் சுரண்டும் பூச்சி, அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சி, மீன் என்று ஒவ்வொரு படியிலும் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வகம் கோடைக்கானல் ஏரியின் தண்ணீரையும் வண்டலையும் மீனையும் ஆராய்ந்து, பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியிட்டது. ஏரியைத் தேடிப் போய்ப் பார்த்ததால் தெரிந்தது. பளிங்கு போன்ற தண்ணீரும் 6.2 என்ற சராசரியும் இதைச் சொல்லியிருக்காது. ஓரளவு பாதரசத்தோடு பூச்சிகள் உயிர் வாழ்ந்துவிடும்.

ஆனால் அதே பூச்சியின் உடம்பை அரைத்துப் பார்த்தால் தெரியும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ‘டிராகன்ஃப்ளை மெர்குரி புராஜெக்ட்’ என்று ஒரு வேலை நடக்கிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் குளங்களிலும் ஓடைகளிலும் தட்டானின் இளம்பூச்சிகளைப் பிடித்துத் தனித்தனிப் பையில் போட்டுத் தருகிறார்கள். அரசு ஆய்வகம் பாதரசத்தை அளக்கிறது. தட்டான் ஏன்? அது வேட்டையாடி, தின்ற பூச்சிகளின் பாதரசமெல்லாம் அதில் சேரும். பறக்கும் பருவம் வரும் வரை பிறந்த ஓடையை விட்டுப் போகாது. எங்கும் கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் பிடிக்கும்.

பாம்பாற்றில் இதைச் செய்ய நான்கு இடம் போதும்: ஆலைச் சரிவின் தண்ணீர் வந்து சேராத ஒரு கிளையோடை, சோலைக்குக் கீழே ஓர் இடம், லிரில் அருவியின் அடிக்குட்டை, கும்பக்கரையில் குளிக்கும் துறைக்கு மேல் ஒரு கஜத்தின் ஓரம். ஜனவரியில் ஒரு முறை, கோடை மழைக்கு முன் ஒரு முறை. காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதிக் கடிதம் வேண்டும். வலையில் விழும் மற்றவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். தட்டான்களை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்து, எந்த இடம், எந்தத் தேதி என்று பையின்மேல் அழியாத மையில் எழுதி, பாதரசம் அளக்கும் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.